தூண் நிற்கிறது, தரை இறங்குகிறது

ஸ்ரீபெரும்புதூரில் பிரிந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் ஷெட்டுகள்தான். நீலமோ சாம்பலோ பூசிய தகடு, தட்டையான கூரை, வரிசையாக ரோலிங் ஷட்டர், வாசலில் கன்டெய்னர் லாரிகள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இந்த வட்டாரத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக வேலை பார்த்துவரும் எனக்கு அப்படித் தெரிவதில்லை. கூரையின் சரிவு, தூணின் வடிவம், சுவரில் செங்கல் எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று பார்த்தாலே அது ஏறத்தாழ எந்த வருஷத்துக் கட்டடம் என்று சொல்லிவிடலாம். கணக்குப் போட்டவர் எதற்கெல்லாம் பயந்தார், எதற்குப் பயப்படவில்லை என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

இந்தத் தொழிற்பேட்டைகளைப் பற்றி எழுதியவர்கள் முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் தேவைதான். நான் எழுத நினைப்பது இன்னொரு கணக்கை. ஒரு கட்டடத்தில் தேவைக்கு மேல் எவ்வளவு பலத்தை மிச்சம் வைப்பது? இந்தக் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் கடந்த கால் நூற்றாண்டில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மிச்சம் முதலில் கூரையில் குறைந்தது, பிறகு தூணில், பிறகு அஸ்திவாரத்தில். இன்றைக்கு அந்த மிச்சத்தைத் தேடி ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கீழே கிடப்பது இலை, தண்டு அச்சுகள் பதிந்த ஷேல் பாறை. மண்ணியலாளர்கள் அதை மேல் கோண்டுவானா அடுக்கில் சேர்த்து, ஊர்ப் பெயராலேயே ஸ்ரீபெரும்புதூர் படிவங்கள் என்று அழைக்கிறார்கள். துளை போட்டு எடுக்கும்போது கையில் கல்லாகத்தான் வரும். ஒரு நாள் வெயிலில் கிடந்து மறுநாள் மழை பட்டால் விரலால் நசுக்கலாம். அதனால் இங்கே அஸ்திவாரக் குழி தோண்டினால் அன்று சாயங்காலத்துக்குள் பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு மூடச் சொல்லி மேஸ்திரிகளோடு மல்லுக்கு நிற்போம். "நாளைக்குப் போட்டுக்கலாம் மேடம், கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். நாளைக்கு அது கல்லாக இருக்காது.

அந்தப் பாறைக்கு மேலே சில இடங்களில் செம்மண் கிராவல், சில இடங்களில் மணல், பல இடங்களில் ஏரிக் களிமண். செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளால் ஆன சீமை. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்திருக்கிறது. அந்த ஊர் இங்கிருந்து அதிக தூரமில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்தபோது, விளைநிலத்தோடு ஏரி, குளப் பரப்பையும் ஊர் ஊராகக் குறித்துவைத்தார். புலிகேசியும் நரசிம்மவர்மப் பல்லவனும் மோதிய மணிமங்கலம் ஒரகடத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. அங்கும் பெரிய ஏரி உண்டு. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்தது நிரம்பும், அது வழிந்தால் அதற்கடுத்தது. இப்படி இறங்கி வரும் தண்ணீர் ஒரு பக்கம் செம்பரம்பாக்கத்தில் சேர்கிறது, இன்னொரு பக்கம் அடையாற்றில்.

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட், தொண்ணூறுகளிலிருந்து இந்த நிலத்தில் பேட்டை பேட்டையாக அமைத்தது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால். மனை வரைபடத்தில் எல்லாம் நேர்கோடும் செவ்வகமும். வருவாய்த் துறையின் புலப்படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் வரத்துக்கால்களும் போக்குக்கால்களும் அந்தச் செவ்வகங்களை வளைந்து வளைந்து வெட்டிக்கொண்டு போகும்.

ஒரகடம் பக்கம் ஒரு மனையில் துளை போடும் இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது மாடு ஓட்டிவந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"ஏம்மா, இங்கயா கட்டப் போறீங்க?"

"ஆமாங்க ஐயா."

"இது போக்குக்கால் போன எடம்மா. எங்கப்பா காலத்துல ஐப்பசி வந்தா இடுப்பளவு தண்ணி நிக்கும். அந்தாண்ட மேட்டுல தள்ளிக் கட்டச் சொல்லு."

மேட்டுக்குத் தள்ள மனையின் எல்லை இடம் தரவில்லை. ஆனால் அவர் கையால் காட்டிய கோட்டின் மேல் கூடுதலாக இரண்டு துளை போட்டோம். இரண்டிலும் ஆள் உயரத்துக்கு மேல் கருங்களி. சற்றுத் தள்ளி இருந்த துளையில் நல்ல கிராவல். ஒரே ஷெட்டின் அடியில் இரண்டு விதமான மண். இருபது அறைக்கு (இரு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதியை அறை என்போம்) ஒரு துளை என்று சீராகக் கட்டம் போட்டு வைத்திருந்த எங்கள் திட்டத்தில் அந்தக் களிமண் பட்டை முழுசாகத் தப்பியிருக்கும். அன்றிலிருந்து சாயில் ரிப்போர்ட்டுக்கு முன்னால் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டு வாங்கிவிடுவது என் வழக்கம்.

களிமண் இருந்தால் என்ன, பைல் போட்டுத் தூணை நிறுத்திவிடலாமே என்று கேட்பார்கள். நிறுத்திவிடலாம். பைல் களியைத் துளைத்துக்கொண்டு பாறையில் போய் உட்காரும், தூண் அசையாது. அசைவது தரை. தாழ்வான மனையை மழை வெள்ளத்துக்கு மேலே தூக்க 2 மீட்டர் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டுவார்கள். தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 டன் பாரம் வரும், தாங்குமா என்று கூட்டம் போட்டுப் பேசுவோம். கொட்டிய மண்ணே சதுர மீட்டருக்கு மூன்றரை டன் இருக்கும் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள். சரக்கு வரும், போகும். கொட்டிய மண் ஒரு நாளும் எழுந்து போகாது. அதன் பாரத்தில் அடியில் இருக்கும் களி தன் தண்ணீரை மெல்ல மெல்லக் கசியவிட்டு வருஷக்கணக்கில் அமிழும். ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் மேலே கொட்டிய மண்தான் இறுகும். அடியில் இருக்கும் களிக்கு அது எட்டாது.

முதலில் தெரிவது தூணைச் சுற்றி ஒரு விரிசல். பிறகு லாரி வந்து நிற்கும் டாக்கில் ஒரு படி. பைல் மேல் நிற்கும் கிரேடு பீம் அப்படியே இருக்க, அதை ஒட்டிய தரை இரண்டு விரல், மூன்று விரல் இறங்கியிருக்கும். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற பையன்கள்தான் இதை முதலில் கண்டுபிடிக்கிறவர்கள். 10 மீட்டர் உயர ரேக்கின் உச்சியில் பலகையை வைக்கும்போது, கீழே தரையில் 1 செ.மீ. சரிவு இருந்தால் மேலே பல செ.மீ. விலகும். அமிழும் களி தூணின் பைலையும் தன்னோடு கீழே இழுக்கும். அந்த இழுப்பைக் கணக்கில் சேர்க்காத பைல் தன் மிச்சத்தை இழக்கும். இதற்கெல்லாம் மருந்து தெரியாததில்லை. கட்டுவதற்கு முன்பே கூடுதல் மண்ணைக் குவித்து சில மாதம் காத்திருந்து, களியை முன்கூட்டியே அமிழவைத்துப் பிறகு அள்ளிவிடலாம். களியில் செங்குத்தாக வடிகால் பட்டைகளை இறக்கி வேகப்படுத்தலாம். தரையையும் பைல் மேல் தூக்கிவைக்கலாம். முதலாவதற்குக் காலம் வேண்டும், மூன்றாவதற்குப் பணம் வேண்டும். இந்தச் சாலையில் இரண்டுமே தாராளமாகக் கிடைத்ததில்லை.

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. சென்னைக்குக் கார் ஆலை புதிதில்லை, 1940களிலேயே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் இருந்தது. ஆனால் இந்த அளவில், இந்த வேகத்தில் ஒன்றை எங்கள் தலைமுறை பார்த்ததில்லை. ஒரு கார் ஆலையை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெரிய ஷெட். எங்களுக்கு அது நான்கு வேறு வேறு கேள்விகள். தகட்டை அழுத்தி வடிவமெடுக்கும் பிரஸ் ஷாப்பில் தரைக்குக் கீழேதான் கட்டடம். அசெம்ப்ளியில் கூரையிலிருந்து கன்வேயர் தொங்கும். டிரஸ்ஸின் எந்த இடத்தில் எத்தனை கிலோ தொங்கும் என்பதை மெஷின்காரர்கள் கடைசி வாரம் வரை சொல்லமாட்டார்கள். பெயின்ட் ஷாப்பின் கனமெல்லாம் மாடியிலும் கூரையிலும். வெல்டிங் நடக்கும் பாடி ஷாப்பில் ரோபோ நிற்கும் தரை அதிரக்கூடாது.

பிரஸ் குழியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. ஆயிரக்கணக்கான டன் விசையுள்ள பிரஸ்ஸுக்கு 6, 7 மீட்டர் ஆழத்தில் கான்கிரீட் பெட்டி ஒன்று கட்டுவோம். ஏரிகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் கார்த்திகை மாதம் நிலத்தடி நீர் தரைக்கு ஒரு முழம் கீழே வந்து நிற்கும். அந்தச் சமயத்தில் பிரஸ் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தால் காலிப் பெட்டி ஓடம்போல மிதக்கப் பார்க்கும். 6 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் சதுர மீட்டருக்கு 6 டன் மேலே தள்ளும். 1 மீட்டர் கனமுள்ள அடித்தளம் 2.4 டன்தான். மீதியை எங்கிருந்து கொண்டுவருவது? அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் பாரத்தை உட்காரவைப்போம், அல்லது பாறையில் ஆங்கர் இறக்குவோம். அதுவும் முடியாவிட்டால் பிரஸ் வந்து உட்காரும்வரை இரவும் பகலும் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டர் எங்கே, டீசல் எவ்வளவு என்பதும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் எழுதவேண்டிய குறிப்புதான் என்று நான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு.

2000இல் செயின்ட்-கோபேன் கண்ணாடி ஆலை வந்தது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு இழுக்கும் முறை அது. ஒருமுறை மூட்டிய உலையைப் பல வருஷம் அணைக்கமாட்டார்கள். கட்டடமோ மிக நீளம். இரும்பு சூடானால் நீளும். 150 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வெப்பம் கூடினால் 5.4 செ.மீ. இதற்கு இடம் விடாமல் கட்டினால் தூண்களை அது வெளியே தள்ளும். இப்படி நீண்ட கட்டடத்தில் விரிவு இணைப்பை எங்கே வைப்பது, அந்த இடத்தில் மழைநீர் உள்ளே வராமல் தகட்டை எப்படி மடிப்பது என்பதற்கு ஒரு ஷெட்டில் செலவாகும் யோசனை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

இந்தக் காலம் வரையில் எங்கள் ஷெட்டுகள் பெரும்பாலும் ஆங்கிள் டிரஸ்ஸும் ஐ-செக்‌ஷன் தூணும்தான். 1964இல் வந்த எஸ்பி 6 கைநூலில் செக்‌ஷன் பார்ப்போம். டிரேசிங் தாளில் வரைந்த டிராயிங்குகள் அம்மோனியா பிரிண்டாக வாசனையோடு வரும். கணக்கில் ஒரு அளவு ஆங்கிள் வந்தால் கிடைக்கிற அடுத்த பெரிய அளவு எதுவோ அதைப் போடுவோம். அப்போதைய ஐஎஸ் 800 விதிநூல், வெளியில் நிற்கும், பெயின்ட் அடிக்க எட்டும் இரும்பு 6 மி.மீட்டருக்கு மெலியக்கூடாது என்றது. இப்படி ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் சேர்ந்தது. யாரும் திட்டமிட்டு வைத்த மிச்சமில்லை அது. ஆனால் இருந்தது.

ஒப்பந்தமும் அதற்கு ஏற்றபடி இருந்தது. டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. எடை கூடினால் ஃபேப்ரிகேட்டருக்கு லாபம். எடையைக் குறைக்கச் சொல்லி நச்சரிப்பது எங்கள் வேலை. பிறகு பிஇபி என்ற ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங் முறை வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கிர்பி, டாடா புளூஸ்கோப் போன்றவை ஆலையிலேயே வெட்டி, வெல்டு செய்து, துளை போட்டு, எண் எழுதி லாரியில் அனுப்பத் தொடங்கின; இன்டர்ஆர்க்குக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை உண்டு. வளைவிசை அதிகமுள்ள இடத்தில் அகலமும் குறைந்த இடத்தில் ஒடுக்கமுமாகத் தூண் சரிந்து ஏறும். 250 மெகாபாஸ்கலுக்குப் பதில் 345 மெகாபாஸ்கல் வலிமையுள்ள தகடு. 4, 5 மி.மீ. நடுத்தகடு. டிரஸ்ஸில் 20 மீட்டருக்கே யோசித்த இடத்தில் 30, 40 மீட்டர் தூணில்லாத அகலம். இப்போது ஒப்பந்தம் மொத்தத் தொகைக்கு. குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் சப்ளையருக்கு லாபம். எங்கள் வேலை தலைகீழாகிவிட்டது. குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தோம்.

பிஇபியை நான் குறை சொல்லமாட்டேன். இரும்பை வீணாக்காத, அறிவுள்ள முறை அது. அது இல்லாவிட்டால் ஒரகடத்தில் 2010 மார்ச்சில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என்று அந்த வேகத்தில் ஆலைகள் எழும்பியிருக்காது. பிரச்சினை அது கூடவே கொண்டுவந்த அமெரிக்க வழக்கங்களில். கூரையில் ஆள் நடக்கும் பாரம் நம் விதிநூலில் சதுர மீட்டருக்கு 75 கிலோ. அமெரிக்க முறையில் 57. 9 மீட்டர் உயரத் தூணின் உச்சி காற்றில் எவ்வளவு அசையலாம் என்றால் நம் நூல்படி 6 செ.மீ., அவர்கள் வழக்கப்படி 15 செ.மீ. வரை போகலாம். முழுக்கத் தகடு போட்ட சுவர் 15 செ.மீட்டரையும் பொறுத்துக்கொள்ளும். நம் ஊரில் திருட்டுக்குப் பயந்து 3 மீட்டருக்குச் செங்கலோ பிளாக்கோ கட்டி அதற்கு மேல்தான் தகடு. அந்தச் சுவருக்கு இந்த அசைவு ஆகாது. டெண்டரில் எந்த விதிநூல் என்று ஒரு வரி எழுதாமல் விட்டதால் விரிசல் கண்ட சுவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விதிநூல்களும் இந்த நேரத்தில்தான் மாறின. 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பத்துக்குப் பிறகு 2002இல் ஐஎஸ் 1893 திருத்தப்பட்டபோது சென்னை வட்டாரம் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. லேசான ஷெட்டுக்குப் பூகம்பம் பெரிய விஷயமில்லை, காற்றுதான் விஷயம்; அலுவலக மாடிகளுக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் பூகம்பம் பெரிய விஷயம். 2007இல் ஐஎஸ் 800 புதிய முறைக்கு மாறியது, அதன் வரைவில் சென்னை ஐஐடிக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய 6 மி.மீ. விதி அதில் இல்லாமல் போனது. கூடவே கணினி. தூணின் பலத்தில் எத்தனை பங்கு செலவாகிறது என்று ஸ்டாட் என்ற மென்பொருள் ஒரு எண் காட்டும். 0.98 என்று வந்தால் இளைஞர்கள் சந்தோஷப்படுவார்கள், நன்றாகச் சிக்கனம் செய்துவிட்டோம் என்று. மீதி 0.02தான் அடுத்த ஐம்பது வருஷத்துக்கு நாம் விட்டுவைத்தது என்று நான் சொல்வேன்.

இனி காற்று. சென்னை வட்டாரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அழுத்தமாக்கினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. தட்டைக் கூரை மேல் காற்று ஓடும்போது அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். கூரைத் தகடு, பர்லின், ராஃப்டர் எல்லாம் சேர்ந்தே சதுர மீட்டருக்கு 25 கிலோதான். 8 மீட்டருக்கு ஒரு தூண், 30 மீட்டர் அகலம் என்று வைத்தால் ஒரு தூணை 10, 12 டன் விசை மேலே பிடுங்கப் பார்க்கும். ஆகவே இந்த ஷெட்டுகளில் அஸ்திவாரத்தின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கீழ்நோக்கிய பாரம் இல்லை, மேல்நோக்கிய இழுப்பு. அந்த இழுப்பைப் பிடித்துவைப்பது கான்கிரீட்டின் எடையும் அதன்மேல் மூடிய மண்ணின் எடையும்.

அந்த எடை எப்போதும் ஒன்றா? தண்ணீரில் மூழ்கினால் கான்கிரீட்டின் 2.4 டன் 1.4 ஆகிவிடும், மண்ணின் எடை ஏறக்குறையப் பாதியாகும். புயல் வருவதோ ஏரி நிரம்பும் மாதத்தில். இழுப்பு உச்சத்தில் இருக்கும் அதே நாளில் பிடிப்பு பாதியாக இருக்கலாம். இந்த வட்டாரத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கேட்கவேண்டிய கேள்விகளில் இதைவிட முக்கியமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ டிசைன் புத்தகங்களைச் சரிபார்க்கும்போது நிலத்தடி நீர்மட்டம் என்ற இடத்தில் மே மாதம் எடுத்த சாயில் ரிப்போர்ட்டின் எண்ணைப் பார்த்திருக்கிறேன். மே மாதத்தில் தண்ணீர் 5 மீட்டருக்குக் கீழே இருக்கும். புயல் மே மாதத்து நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். சென்னை மூழ்கியது உலகுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் புறப்பட்ட மேட்டில், ஏரிகளுக்கு நடுவே இருந்த ஆலைகளில் என்ன நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. போக்குக்கால் மேல் உயர்த்திய மனைகள் தண்ணீருக்கு அணையாக நின்றன. காம்பவுண்டுச் சுவர்கள் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கிச் சாய்ந்தன. அவை காற்றுக்குக் கணக்கிட்ட சுவர்கள், தண்ணீருக்கு அல்ல. 1 மீட்டர் தேங்கிய தண்ணீர் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 1 டன் தள்ளும். காற்றின் கணக்கைப்போலப் பல மடங்கு அது.

அந்த வருஷம் பெரிய காற்று இல்லை. மறு வருஷம் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது, மணிக்கு 110, 120 கி.மீ. காற்று. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது, மண் காய்ந்து கிடந்தது, அஸ்திவாரங்கள் முழு எடையோடு பிடித்துக்கொண்டன. வெள்ளம் ஒரு வருஷம், காற்று மறு வருஷம். இரண்டும் சேர்ந்து வந்த சோதனையை இந்தச் சாலையின் ஷெட்டுகளில் பெரும்பகுதி இன்னும் எழுதவில்லை.

வர்தாவில் நான் பார்த்த சேதங்கள் பெரும்பாலும் ஷட்டரில் ஆரம்பித்தவை. ஷட்டர் வளைந்து சட்டத்திலிருந்து கழன்றதும் காற்று உள்ளே புகும். வெளியே உறிஞ்சல், உள்ளே தள்ளல், இரண்டும் சேர்ந்து கூரையின் மூலைத் தகட்டை உரிக்கும். திறப்பு சுவர்ப் பரப்பில் 5 சதவீதத்துக்குக் குறைவா, 20க்கு மேலா என்பதைப் பொறுத்து உள் அழுத்தக் குணகம் 0.2லிருந்து 0.7 வரை போகும் என்று விதிநூலில் இருக்கிறது. கணக்குப் போடும்போது ஷட்டரெல்லாம் மூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். இரவு ஷிப்டில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் யாராவது அதைச் சொல்லியிருக்கிறோமா? இப்போது நான் தயாரிக்கும் எல்லா டிராயிங்கிலும் புயல் எச்சரிக்கை வந்தால் எந்தெந்த ஷட்டரை மூடவேண்டும் என்று ஒரு பட்டியல் சேர்க்கிறேன். அதைத் தமிழில் எழுதி செக்யூரிட்டி அறையில் ஒட்டச் சொல்கிறேன்.

2015இல் திருத்தப்பட்ட காற்று விதிநூலான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, கிழக்குக் கரையிலிருந்து சுமார் 60 கி.மீ. அகலப் பட்டையில் வரும் தொழிற்சாலைகளுக்குக் காற்று வேகத்தை 1.15ஆல் பெருக்கச் சொன்னது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் கடலிலிருந்து 40 கி.மீட்டருக்குள்தான். வேகம் 15 சதவீதம் கூடினால் அழுத்தம் 32 சதவீதம் கூடும். வேறு சில குணகங்கள் அதில் கொஞ்சம் குறைக்கும். அதற்கு முன்பு கட்டிய ஷெட்டுகள் எல்லாம் பழைய எண்ணில் நிற்பவை. 0.98இல் முடித்தவற்றில் இந்த உயர்வை ஏற்க எங்கே இடம்?

இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. இந்தச் சாலையில் கட்டடங்கள் இரண்டாவது வாழ்க்கைக்கு வந்துவிட்டன. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. சில வருஷம் பூட்டிக் கிடந்து பிறகு சால்காம்ப் கைக்குப் போனது. சிறிய ஷெட்டுகளில் இந்த மாற்றம் இன்னும் வேகம்: உதிரிபாக ஆலை கிடங்காகிறது, கிடங்கில் கிரேன் வேண்டும் என்கிறார்கள், ஒரு தளம் இருந்த இடத்தில் நடுவே மெஸ்ஸனைன் கேட்கிறார்கள். தொழிலாளர்கள் தங்கும் இடமும் மாடியாக வளர்ந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது.

இப்போது வாரம் தவறாமல் வரும் கேள்வி சோலார். கூரை சும்மாதானே இருக்கிறது, பேனல் போடலாமா? பேனலும் சட்டமும் சதுர மீட்டருக்கு சுமார் 15 கிலோ. 75 கிலோ பாரத்துக்குக் கணக்கிட்ட பழைய டிரஸ் கூரையில் பெரும்பாலும் யோசிக்காமல் ஏற்றலாம். 57 கிலோவுக்கு, 0.98இல் முடித்த பிஇபி கூரையில் யோசிக்க வேண்டும். 'கொலேட்டரல்' என்று டக்டுக்கும் விளக்குக்கும் ஸ்பிரிங்ளருக்கும் விட்டிருந்த 10 கிலோவை முதல் குடித்தனக்காரரே செலவழித்திருப்பார். கூரை ஓரத்தில் பேனலைக் காற்று தூக்கும் விசையை ஒரு சின்ன கிளாம்ப் வழியாக 0.5 மி.மீ. தகடு தாங்க வேண்டும். அண்மையில் ஒரு ஷெட்டில் நடு அறைகளுக்கு மட்டும் சம்மதித்து, ஓரத்தில் இரண்டு அறை காலியாக விடச் சொன்னேன். முதலாளிக்கு மனக்கஷ்டம். மின்சாரம் குறைகிறதே என்று. ராஃப்டரின் கீழே தகடு வெல்டு செய்து பலப்படுத்த ஆகும் செலவையும் எழுதிக்கொடுத்தேன்; அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த ஷெட்டுக்கு டிராயிங் இல்லை. கட்டியவர் வேறு, வாங்கியவர் வேறு, வாடகைக்கு இருப்பவர் மூன்றாமவர். பூம் லிப்டில் ஏறி, அல்ட்ராசானிக் கருவியால் ஒவ்வொரு தகட்டின் கனத்தையும் அளந்து, பெயின்டைச் சுரண்டி, துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பி வலிமை பார்த்து, கட்டியவர் ஒருகாலத்தில் ஒரு மாலையில் அச்சடித்து வைத்திருந்ததை நாங்கள் மறுபடி கண்டுபிடித்தோம். அஸ்திவாரம் என்னவென்று தெரிய இரண்டு தூணருகே தோண்டினோம்.

சிப்காட் நிலம் 99 வருஷக் குத்தகை. காற்றுக் கணக்கு 50 வருஷத்துக்கு. குடித்தனக்காரர் எட்டு, பத்து வருஷத்தில் மாறுகிறார். இதில் கடைசிவரை இருக்கப்போவது குத்தகைக்கு விட்டவர் ஒருவர்தான். ஆகவே கட்டி முடித்த டிராயிங், காற்று வேகமும் கூரைப் பாரமும் எழுதிய ஒரு பக்கம், துளைகளின் மண் விவரம் ஆகியவற்றைச் சிப்காட்டிடம் ஒப்படைத்தால்தான் நிறைவுச் சான்று என்று ஒரு விதி வேண்டும் என்று கேட்டுவருகிறேன். மண் விவரமாவது பொதுவில் இருக்கட்டும். பக்கத்து மனையில் களி எத்தனை மீட்டர் என்பது யாருடைய வியாபார ரகசியமும் இல்லை.

காத்திருக்காமல், உரிமையாளர்கள் சம்மதித்த பழைய துளை விவரங்களை எங்கள் அலுவலகத்தில் புலப்படத்தின் மேல் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். துளை எண், ஆழம், களியின் கனம், நீர்மட்டம், அளந்த மாதம். மாதம் எழுதாத ரிப்போர்ட்டுகளைத் தனியே வைத்திருக்கிறோம். ஒரகடம் முடிந்து வல்லம் வரை வந்திருக்கிறது. பிள்ளைப்பாக்கம் ஏரிக்குத் தெற்கே இன்னும் வெள்ளையாக இருக்கிறது.